கசற்றில் எஞ்சிய அரை நிமிடம்

பஹ்மியாவின் மகள் சுஹைராவுக்கு இருபது வயது. அந்த வயதில் பிள்ளைகளுக்கு ஏதாவதொரு பைத்தியம் பிடிக்கத்தான் செய்யும், அதில் குற்றமில்லை. ஆனால் தான் பிறக்க முன்னமே செத்துப்போன சாமான்களின் மேல் பைத்தியம் பிடித்ததை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? பொத்தான் அமுக்குகிற போன், பிலிம் சுருள் போடுகிற கமரா, வயர் தொங்குகிற ஹெட்போன். திருகோணமலை டவுனுக்குக் கணினி வகுப்புக்கென்று போகிற பிள்ளை, மூதூர் பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கும்போது கையில் ஏதாவதொரு குப்பை இருக்கும். போன மாதம் பழைய கசற் பன்னிரண்டை நூலில் கோத்துச் சுவரில் தொங்கவிட்டது. இது வீடா, பழைய இரும்புக் கடையா என்று தகப்பன் றிகாஸ் கத்தினான். கத்திவிட்டு மீன் லொறியில் ஏறித் தம்புள்ளைக்குப் போய்விட்டான்.

இந்தக் குப்பைக்கெல்லாம் ஊற்றுக்கண் சஜீத் என்றொரு பொடியன். துறைமுகத்துக்குப் போகிற வீதியில் போன் திருத்துகிற கடை வைத்திருந்தான். உடைந்த கண்ணாடி மாற்றிக்கொண்டு ஒழுங்காக இருந்தவன், இந்தப் பிள்ளைகளின் கூத்தைக் கண்டதும் வீடு வீடாகப் போய்ப் பழைய றேடியோ, பழைய கசற் எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, துடைத்து, றபர் பட்டி மாற்றி, அலுமாரிக் கண்ணாடிக்குள் அடுக்கிவிட்டான். டவுனில் உள்ள பிள்ளைகள் மீன் சந்தையில் நிற்கிற மாதிரி அவன் கடையில் நின்றார்கள். அவனுக்கும் சுஹைராவுக்கும் சேர்த்து இன்டர்நெற்றில் ஒரு பக்கம் இருந்தது. பழைய சாமானைக் காட்டி வீடியோ போடுவார்கள், ஊர் உலகமெல்லாம் பார்த்து இதயம் போடும்.

ஒரு வியாழக்கிழமை அவள் வோக்மன் ஒன்றைக் கொண்டுவந்தாள். நீல நிறம், உள்ளங்கை அளவு, இடுப்பில் கொழுவுகிற கொளுக்கியோடு. குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த பஹ்மியாவின் காதில் ஹெட்போனை மாட்டிப் பொத்தானை அமுக்கினாள். யாரோ பாடினார்கள். பஹ்மியா ஈரக் கையோடு அப்படியே நின்றாள். பிறகு கையைக் கூடக் கழுவாமல் அறைக்குள் போய், அலுமாரியைத் திறந்து, துணிகளுக்கு அடியில் கைவிட்டு, பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கசற்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இதுக்குள்ள உன்ட மூத்தம்மா இரிக்கா," என்றாள்.

மூத்தம்மா என்றால் பஹ்மியாவின் தாய், சவ்தா உம்மா. பஹ்மியாவுக்கு ஆறு வயதாக இருக்கும்போது சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போனவள். இந்தப் பக்கத்து முஸ்லிம் சோனகர் வழக்கம் தெரியும்தானே, பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் பேச ஏலாது. வீடென்றால் ஓலைக் குடில் இல்லை, கல்வீடு. லோஞ்சுப் படகில் கயிறு இழுத்துக்கொண்டிருந்த தகப்பன் சரீப்பின் சம்பளத்தில் அது எழும்பாது. ஆகவே மகள் பால்பல் விழும் முன்னமே அவளுடைய கலியாண வீட்டுக்காகத் தாய் விமானம் ஏறினாள். மூன்று வருசத்தில் செத்துப்போனாள். மையித்து வரவில்லை, அங்கேயே அடக்கிவிட்டார்கள். மேல்மாடியில் துணி காயப்போடும்போது தவறி விழுந்ததாக முதலில் ஒரு தாள் வந்தது. பிறகு ஒரு பெட்டி வந்தது. பெட்டிக்குள் இரண்டு சட்டை, ஒரு சீப்பு, இந்தக் கசற்.

அந்தக் காலத்தில் சவூதிக்குப் போன பெண்கள் கடிதம் எழுதுவது குறைவு. எழுதத் தெரிந்தால்தானே? கசற்றில் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். வீட்டில் கேட்டு முடித்து, அதே கசற்றில் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவார்கள். ஒரே கசற் போகும், வரும். பழைய பேச்சுக்கு மேல் புதுப் பேச்சு ஏறிக்கொண்டேயிருக்கும். அதனால்தான் சவ்தா உம்மா மூன்று வருசம் பேசியதில் ஒன்றும் மிஞ்சவில்லை. பெட்டியோடு வந்த இந்தக் கசற் மட்டும் கடைசியாக அங்கேயிருந்து வந்தது. அங்கேயிருந்து வந்தால் அதில் இருப்பது தாயின் பேச்சுத்தானே என்று ஒன்பது வயதுப் பிள்ளை நினைத்தது. நாற்பத்திரண்டு வயதுவரைக்கும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தது.

பெட்டி திறந்த அன்று அந்தப் பிள்ளை கசற்றைப் பறித்துக்கொண்டு ஓடிப்போய், நெஞ்சோடு வைத்துக்கொண்டு படுத்துவிட்டது. சரீப் வாங்கப் பார்த்தார், கொடுக்கவில்லை. அந்தக் கிழமையே சரீப் வீட்டிலிருந்த, கசற் போடுகிற றேடியோவை விற்றுவிட்டார். மனைவியின் குரலைக் கேட்டால் தாங்கமாட்டேன் என்று ஊரில் சொன்னார். ஊர் அழுதது. மறு கலியாணமும் முடிக்காமல், ஒற்றை மகளைச் சோறாக்கிக் கொடுத்து வளர்த்து, சவ்தா உம்மாவின் காசில் எழும்பிய அதே கல்வீட்டில் அவளை றிகாஸுக்குக் கட்டிக்கொடுத்தார். மூதூரில் மனிசன் என்றால் சரீப் என்பார்கள். பஹ்மியாவும் வேறு வீடுகளில் கசற்றைப் போட்டுக் கேட்கவில்லை. வாப்பாவுக்குத் தாங்காததைத் தான் ஒளித்துக் கேட்பதா என்று இருந்துவிட்டாள். இரண்டாயிரத்து ஆறில் சண்டைக்குப் பயந்து ஊரே விழுந்தடித்துக் கந்தளாய்க்கு ஓடினபோது, நகையை மறந்தாள், கசற்றை மறக்கவில்லை. பிறகு கேட்க ஆசை வந்த காலத்தில் போட்டுக் கேட்க ஊரில் ஒரு மெசினும் இல்லை.

தாயின் முகம் பாஸ்போட் படத்தில் இருந்தது. குரல்தான் அவளுக்கு எந்த மூலையிலும் ஞாபகமில்லை. பிள்ளைகள் பெற்று, வயிறு கிழித்து, காய்ச்சலில் கிடந்து, எத்தனையோ தரம் உம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள். கூப்பிட்டால் எந்தக் குரலில் ஓம் என்று பதில் வரும் என்று தெரியாமல் ஒரு மனிசி வாழ்வது லேசில்லை. அந்தக் குரல் ஒருதரம் வேண்டும். வேறொன்றும் அவள் இந்த உலகத்தில் கேட்கவில்லை.

சுஹைராவின் கண் விரிந்தது. பாசத்தால் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு இந்தக் காலத்துப் பிள்ளைகளைத் தெரியாது. முப்பத்துமூன்று வருசத்துக்குப் பிறகு ஒரு மகள் தாயின் குரலை முதன்முதலாகக் கேட்கிறாள், இப்படி ஒரு வீடியோ அவர்களுடைய பக்கத்துக்கு இனிக் கிடைக்குமா? கசற்றைச் சஜீத்திடம் கொண்டுபோனாள். உள்ளே நாடாவை அமத்துகிற சின்னப் பஞ்சு உதிர்ந்திருந்தது, அவன் மாற்றிக் கொடுத்தான். ஒருக்கா ஓடவிட்டுப் பார்க்கட்டா என்று கேட்டான். ஓடவிடவே கூடாது, உம்மா முதலில் கேட்கிறதுதான் வீடியோவில் விழவேண்டும், யாரும் முன்னமே கேட்டால் அழுகை சரியாக வராது என்று அவள் சொல்லிவிட்டாள். நல்ல காரியம் செய்தாள். ஒருவராவது முன்னமே கேட்டிருந்தால் அந்தக் கசற்றைக் கடலில் வீசியிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. யன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி தாயைக் கதிரையில் இருத்தி, நல்ல சல்வாரும் ஊதா முக்காடும் போடவைத்து, போனை மூன்றுகால் தாங்கியில் நிறுத்தினாள் சுஹைரா. மூலையில் சாய்மனைக் கதிரையில் சரீப் கிடந்தார். இரண்டு வருசத்துக்கு முன் ஒருநாள் விடியச் சுபஹுத் தொழுகையில் விழுந்தவர், வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இடக்கை மட்டும் கொஞ்சம் அசையும். பஹ்மியாதான் அவருக்கு ஊட்டுகிறது, குளிப்பாட்டுகிறது, கழுவுகிறது. முகம் சுளித்ததை யாரும் கண்டதில்லை.

கசற்றைக் கண்டதும் கிழவர் ஆ, ஆ என்று கத்தத் தொடங்கினார். இடக்கையை ஆட்டினார். வாயால் எச்சில் வடிந்தது. மூத்தப்பாவுக்கு எவ்வளவு ஆசை பாருங்கள் என்று சுஹைரா அதையும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். பஹ்மியாவுக்கும் நெஞ்சு இளகியது. எழும்பிப் போய் அவர் வாயைத் துடைத்து, கொஞ்சம் பொறுங்க வாப்பா, நான் கேட்டுட்டு உங்களுக்கும் போட்டுவிடுறன் என்று தலையைத் தடவினாள். அவர் அவளுடைய முக்காட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது.

பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பிஸ்மி சொல்லிப் பொத்தானை அமுக்கினாள்.

முதலில் இரைச்சல். ஒரு செருமல். அது ஆண் குரல். ம், பேசு என்றது. அதற்குப் பிறகு ஒரு சின்னப் பிள்ளை ஸலாம் சொன்னது.

"உம்மா, நான் பஹ்மியா. நான் நல்லா இரிக்கன். வாப்பாவும் நல்லா இரிக்கார்."

பஹ்மியாவுக்கு விளங்கவில்லை. கசற் மாறிவிட்டதோ என்று நினைத்தாள். பிள்ளை நிறுத்துகிற இடத்திலெல்லாம் அந்த ஆண் குரல் மெதுவாகச் சொல்லிக்கொடுத்தது. வீட்டைச் சொல்லு என்றது. சுவர் எழும்பிட்டு உம்மா, கூரை இல்ல என்றது பிள்ளை. வரவேணாம் எண்டு சொல்லு என்றது குரல். பிள்ளை, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்புவிக்கிற மாதிரி, சந்தோசமாகச் சொன்னது.

"இப்ப நீங்க வரவேணாம் உம்மா. இன்னும் ரெண்டு வருசம் நிண்டுட்டு வாங்க. வீடு முடியாட்டி எனக்கு மாப்பிள்ளை கிடைக்காதாம்."

இப்போது ஞாபகம் வந்தது. றேடியோவில் எரிந்த சின்னச் சிவப்பு விளக்கு, வாப்பாவின் மடி, முடிந்ததும் வாங்கித் தந்த ஐஸ்பழம். என்ன பேசினோம் என்பது மட்டும் இவ்வளவு காலமும் ஞாபகத்தில் இல்லை. தாயிடம் போய்ச் சேர்ந்த பதில் கசற் இது. தாய் செத்தபின் அவளுடைய சாமானோடு திரும்பி வந்திருக்கிறது. பிள்ளை கடைசியில் வாப்பா சொல்லிக்கொடுக்காமல் தானாக ஒன்று கேட்டது. வரும்போது சைக்கிள் கொண்டுவரச் சொன்னது. சிவப்புச் சைக்கிள். வாப்பா சிரித்தார். டக் என்று பொத்தான் விழுந்த சத்தம்.

சின்ன நாடா, அதைவிடச் சின்னப் பதில். நாடாவின் கடைசியில், பதில் எட்டாத இடத்தில், தாயின் பழைய பேச்சின் வால் அப்படியே கிடந்தது. பாதியில் தொடங்கியது.

"...எண்ணெய ஊத்தின கை இன்னும் ஆறல்ல. இஞ்ச இருக்க ஏலாது மகள். வீடு வேணாம், ஓலைக்குள்ள கிடப்பம். நான் சொன்னா வாப்பா கேக்கமாட்டார், நீ சொன்னாக் கேப்பார். என்னைக் கூப்பிடச் சொல்லி நீ சொல்லு மகள். அழுது சொல்லு."

அவ்வளவுதான். அரை நிமிடம். கொஞ்சம் கரகரத்த, மூக்கடைத்த குரல்.

பஹ்மியா அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை. கதிரையில் இருந்து வழுக்கி நிலத்தில் விழுந்து, சிமெந்துத் தரையில் நெற்றியை முட்டினாள். சுஹைராவுக்கு உள்ளே என்ன கேட்டது என்று தெரியாது, ஒரு ஹெட்போன்தானே. அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், ஆனால் போனை நிறுத்தவில்லை. அழுகை ஓய்ந்ததும் போனை எடுத்துப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"உம்மா, நீங்க கீழ விழுந்தது படத்தில வரல்ல. இன்னொருக்காக் கேக்கிறீங்களா?"

பெற்ற பிள்ளை. என்னத்தைச் சொல்ல. பஹ்மியா நெற்றியைத் துடைத்தாள். பிறகு எழும்பிக் கதிரையில் இருந்து, முக்காட்டைச் சரிசெய்து, பின்னுக்குச் சுற்றி, இன்னொருக்காக் கேட்டாள். இந்தத் தரம் அவ்வளவு அழுகை வரவில்லை, கண் மட்டும் நிறைந்தது. அது வீடியோவுக்கு இன்னும் நன்றாக இருந்தது என்று சுஹைரா சொன்னாள். மூத்தம்மா என்ன சொன்னா என்று கேட்டபோது, என்னை நல்லாப் படிக்கச் சொன்னா என்றாள் பஹ்மியா. அந்தப் பொய் அவள் வாயில் இடறாமல் வந்தது. வாப்பாவின் மகள்தானே.

மகள் வீடியோவை வெட்டி ஒட்ட அறைக்குள் போனதும் அவள் சரீப்பின் பக்கம் திரும்பினாள். கிழவர் கத்துவதை நிறுத்தியிருந்தார். அவள் கிட்டப் போய் ஹெட்போனை அவருடைய நரைத்த தலையில் மாட்டினாள். இடக்கை மேலே வந்தது. அதைப் பிடித்து மடியில் வைத்து, தன் இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். ஓடவிட்டாள். அவருடைய முகத்தை வைத்தே எந்த இடம் ஓடுகிறது என்று அவளால் சொல்ல முடிந்தது. கடைசி அரை நிமிடத்தில் அந்த நல்ல பக்கக் கன்னம் கோணிக்கொண்டு போனது.

"சொல்லித் தந்தது நீங்கதானே வாப்பா," என்றாள். "நல்லாக் கேளுங்க."

அன்றைக்குத் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுதபின், அவரைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சாரன் உடுத்தி, பவுடர் போட்டு, வெளி விறாந்தையில் இருத்தி, பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் குந்தி, ஹெட்போனை மாட்டுவாள். முதல் கிழமை அவர் தலையை ஆட்டிக் கழற்றப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். வீதியால் இறங்குதுறைப் பக்கம் போகிற சனம் பார்த்துக்கொண்டு போனது. ஏலாத தகப்பனுக்குப் பாட்டுப் போட்டுக் கொடுத்து, கையையும் பிடித்துக்கொண்டிருக்கிற மகள். இப்படி ஒரு பிள்ளை எங்களுக்கு வாய்க்கவில்லையே என்று பக்கத்து வீட்டுக்காரி தன் மருமகளின் காதில் விழும்படி சொன்னாள். சுஹைராவின் பக்கத்திலும் அதே கதைதான். அழுகை வீடியோவை மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். கொடுத்துவைத்த மகள், தாயின் குரல் கிடைத்துவிட்டது என்று கனடாவில் இருந்தெல்லாம் எழுதினார்கள்.

உம்மாவுக்கும் வோக்மன் பைத்தியம் பிடித்துவிட்டதென்று சுஹைராவுக்குப் பெருமை. பற்றரி முடிய முடிய வாங்கிக்கொண்டு வந்தாள். சஜீத்துக்குத்தான் கொஞ்சம் புத்தி இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னான். முப்பது வருசத்து நாடா ராத்தா, உலர்ந்துபோய்க் கிடக்கு, போடப் போடத் தேயும், ஒருநாள் மெசின் கடிச்சாப் போச்சு, கொம்பியூட்டரில ஏத்தித் தாறன், ஆயுசுக்கும் கேக்கலாம். ஏற்றுகிறதென்றால் நீ கேட்கவேண்டுமே என்றாள் பஹ்மியா. ஓம், கேட்கத்தான் வேண்டும் என்றான். வேண்டாம் என்றாள்.

விளங்காமல் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்க வேண்டுமென்று கேட்டது அந்தக் குரல் ஒன்றைத்தான். அது ஒவ்வொரு நாளும் தேய்கிறதென்று தெரிந்துகொண்டே கிழவரின் காதில் ஊற்றினாள். ஒருநாள் போடாமல் விட்டால் தனக்கு ஒருநாள் மிஞ்சும் என்பது தெரியும். விடவில்லை. இராச்சோறு தின்ன மறந்தாலும் அஸருக்கு ஹெட்போன் மாட்ட மறக்கவில்லை.

நாற்பதாம் நாளோ என்னவோ, மெசின் கடித்தது. கிழவரின் முகம் கடைசி இடத்துக்கு வந்து கோணத் தொடங்கும்போது கறகற என்றொரு சத்தம், பிறகு நின்றது. திறந்து பார்த்தால் நாடா வெளியே வந்து உருளையில் சுற்றி, கசங்கி, தூளாகிக் கிடந்தது. அவள் இழுக்க இழுக்க, இன்னும் பிய்ந்தது.

சுஹைரா கொண்டுபோனாள். ஓடவிட்டுக் கேட்கக் கூடாது என்று குர்ஆன் மேல் சத்தியம் வாங்கித்தான் பஹ்மியா கொடுத்தாள். சஜீத்தும் அந்தச் சொல் தவறவில்லை. கசங்கினதை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பசைநாடாவால் ஒட்டி, மறுநாளே கொடுத்தனுப்பினான். போனிலும் கூப்பிட்டுச் சொன்னான்.

"பயப்படாதீங்க ராத்தா. கடைசியில ஒரு மூணு முழம்தான் போச்சு. முன்னுக்குள்ளது எல்லாம் புதுசு மாதிரி இரிக்கி."

மூன்று முழம் நாடா அரை நிமிடம் ஓடும். பஹ்மியா ஓம் என்று போனை வைத்தாள். அவன் அதை எங்கே எறிந்தான் என்று கேட்கவில்லை. கடைக் குப்பையைச் சாயங்காலமே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

அன்று அஸருக்கும் கிழவரைக் குளிப்பாட்டி விறாந்தையில் இருத்தினாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. குடாவுக்கு அந்தப் பக்கம் துறைமுகத்தில் ஒரு கப்பல் சாமான் இறக்கிக்கொண்டு நின்றது. ஹெட்போனை மாட்டினாள், அவருடைய கையைப் பிடித்தாள், ஓடவிட்டாள். வாப்பாவின் செருமல், பிள்ளையின் ஸலாம், வீடு, கூரை, மாப்பிள்ளை, சைக்கிள், சிரிப்பு எல்லாம் ஓடி முடிந்திருக்கும். கிழவரின் கன்னம் தயாராகக் கோணிக்கொண்டது. பொத்தான் தானாக மேலே எழும்பியது.

அவர் காத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை என்றதும் கண்ணைத் திருப்பி அவளைப் பார்த்தார். வோக்மனைப் பார்த்தார். திரும்ப அவளைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. பேச்சுத்தான் போனதே தவிர மூளை போகவில்லை.

இடக்கையை அவளுடைய கைக்குள்ளிருந்து வெடுக்கென்று உருவினார். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. ஹெட்போனைத் தலையிலிருந்து பிய்த்து எடுத்து, அவளுடைய முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவர் ஆ என்றார். இன்னும் கிட்டக் கொண்டுவந்து அவளுடைய கன்னத்தில் இடித்தார். உனக்கு என்பதற்கு வாய் வேண்டுமா என்ன?

அவள் வாங்கினாள். முக்காட்டை ஒதுக்கிக் காதில் மாட்டிக்கொண்டாள். பின்னுக்குச் சுற்றி, பொத்தானை அமுக்கினாள். வீதியால் போன பக்கத்து வீட்டுக்காரி, தகப்பனும் மகளும் மாறி மாறிப் பாட்டுக் கேட்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டு போனாள். கிழவர் இமை கொட்டாமல் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே அந்தப் பிள்ளை சுகமாக இருந்தது. உம்மாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, சைக்கிள் சிவப்பாக இருக்கவேண்டும், மணியும் இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது.